படிவத்தில் இல்லாத கட்டம்

என் மகள் மேதை இல்லை. இதைச் சொல்லத்தான் அன்று நைட் ஷிப்டு முடிந்த கையோடு அவளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு தேர்வு வைத்து, தேறிய பன்னிரண்டு பேரைப் பிரித்து, மாடியில் தனி அறை, தனி டீச்சர் என்று பாடம் நடத்துகிறார்கள். திறன்மிகு மாணவர் வகுப்பு என்று பெயர். என் மகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. பள்ளியிலேயே முதல்.

மனைவி அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் மாட்டினாள். மைத்துனன் பார்த்துவிட்டு, "மாமா, இது கண்டிப்பா உங்க பக்கத்து மூளை இல்ல. பத்தாவதுல பாதியில ஓடிவந்த ஆளு நீங்க" என்றான்.

"அதுல என்னடா சந்தேகம்? எல்லாம் நம்ம வீட்டு ரத்தம்" என்றாள் மனைவி. நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது எனக்கு விஷயம் தெரியாது.

நான் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறேன். மை ஒரு நிலைக்கு வரும்வரை முதல் நூறு தாள் வீணாகத்தான் போகும். ஒரு பக்கம் மங்கலாக அச்சு, மறுபக்கம் வெள்ளை. அதில் நாலைந்தை மகள் படம் வரையட்டும் என்று மடித்துக் கொண்டுவருவது பழக்கம். போன வருடம் ஒரு வேலை வந்தது. எழுத்தே கிடையாது, எல்லாம் படப் புதிர். விட்டுப்போன துண்டு எது, அடுத்து வரும் வடிவம் எது என்கிற மாதிரி. அட்டை வேறு ஷிப்டில் அச்சானதால் என்ன புத்தகம் என்று நான் பார்க்கவில்லை. பெரிய தாளில் எட்டுப் பக்கம், அதில் பாதி தலைகீழாக இருக்கும். மகள் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றித் தவழ்ந்துகொண்டே போட்டாள். காலையில் தூக்கம் வரும்வரை நானும் கூட உட்கார்ந்தேன். தப்பாகப் போட்டதெல்லாம் ஏன் தப்பு என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாரம் நல்ல விளையாட்டு.

அது தேர்வுத்தாள்.

தெரிந்தது பெற்றோர் கூட்டத்தில். டீச்சர் பெருமையாக மகளின் விடைத்தாளைப் புரட்டிக் காட்டினார். ஒரு கம்பி விட்டுப்போன குடையின் படம் வந்தது. வீட்டுத் தரையில் நாங்கள் போட்ட அதே குடை. தேர்வு வேலையின் கழிவுத் தாளை வெளியே கொண்டுபோனவனை அச்சகத்தில் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தெரியாமல் செய்தேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. வாயை மூடிக்கொண்டேன்.

நாலு மாதம் போனது. மாடியில் நடத்துவது எதுவும் மகளுக்குப் புரியவில்லை. வெள்ளைத் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். "இவளுக்கு இது ரொம்பச் சுலபம் சார், சலிச்சுப்போகுது" என்று டீச்சர் இன்னும் கடினமாகக் கொடுத்தார். அழுதாள். "எல்லாம் குறையில்லாம வரணும்னு நினைக்கிற பிள்ளைங்க இப்படித்தான்" என்றார். காலையில் வாந்தி எடுத்தாள். அதற்கு நுண்ணுணர்வு என்று பெயர். திறன்மிகு குழந்தையின் அடையாளங்கள் என்று சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அத்தனையும் இருந்தது. ஜன்னலை உடைத்திருந்தாலும் அதற்கும் ஒரு வரி இருந்திருக்கும்.

ஒரு நாள் ஷூ கயிறு கட்டிவிடும்போது அவளே கேட்டாள். "அப்பா, அது நாம போட்ட புதிர்தானே?"

"உனக்கு எப்போ தெரியும்?"

"டெஸ்ட் அன்னிக்கே. எல்லாம் நேரா இருந்துச்சு, அதான் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு."

"ஏன்டி சொல்லல?"

"அம்மா அதுக்குள்ள லெட்டரை மாட்டிட்டாங்களே."

ஒரு வாரம் யோசித்தேன். பிறகு, "நாளைக்கு முடிச்சிடலாம்" என்றேன். மறுநாள் காலை அவள் மாடி வகுப்பில் பெஞ்சுக்கடியில் வைத்திருந்த நோட்டு, கலர் பென்சில் டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வெளியே வந்து வராந்தாவில் நின்றாள். கீழே பழைய வகுப்புக்குப் போகத் தயாராக.

நான் உள்ளே போனேன். பிள்ளைகள் நாற்காலிதான் இருந்தது. முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"நல்லது. நானும் எதையும் கேட்கல."

"டீச்சர், அவ தினமும் வாந்தி எடுக்கறா."

"புரியுது சார். ஆனா இதை நான் எழுதினா தேர்வே செல்லாது. பன்னிரண்டு பேரும் கீழ போகணும். இந்த வகுப்பை மூடிடுவாங்க. பத்து வருஷம் கெஞ்சி வாங்கின வகுப்பு இது. உங்க வேலையும் போகும், சொல்லணுமா?"

"எம்பொண்ணை மட்டும் எடுத்துடுங்களேன். முடியலன்னு எழுதுங்க."

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். மாணவர் விலகும் காரணம். பள்ளி மாற்றம், நீண்ட நாள் நோய், வெளியூர். முடியவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை. "தொண்ணூத்தொன்பது வாங்கின பிள்ளைக்கு முடியலன்னு யார் நம்புவாங்க? அஞ்சாவது முடியறவரைக்கும் சம்மதம்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க." கொஞ்சம் இறங்கி வந்து, "வேணும்னா வீட்டுக் கணக்கைக் குறைச்சுக்கறேன்" என்றார்.

தலைமை ஆசிரியர் அறை அடுத்த கதவுதான். நான் போகவில்லை. யோசிப்பது போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தேன்.

"சொல்லிட்டியாப்பா?"

"சொல்லிட்டேன்."

"கீழ போலாமா?"

"வீட்டுக் கணக்கு கம்மியா தருவாங்களாம்."

அவள் தண்ணீர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "நீ சரியா சொல்லியிருக்க மாட்டே. பெரிய டீச்சர்கிட்ட நான் வேணா சொல்லட்டுமா? எனக்கு எல்லாப் புதிரும் ஞாபகம் இருக்கு. வரைஞ்சே காட்டுவேன்."

காட்டுவாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

மணி அடித்தது. அவள் மாடி வகுப்புக் கதவை நோக்கித் திரும்பினாள். கை இரண்டும் நிறைந்திருந்ததால் அவளால் தள்ள முடியவில்லை. நான்தான் திறந்துவிட்டேன்.