ராஜினாமா ஜெபம்

மணமான நாளிலிருந்து அந்த வீட்டில் ஜெபம் அவளுடையது, ஆமென் அவருடையது. பஸ் கண்டக்டர் தொண்டை. அவர் ஆமென் சொன்னால் மாடி வீட்டுக்காரர் இறங்குவதற்கு எழுந்து நிற்பார் என்று சபையில் கேலி செய்வார்கள். பக்கவாதம் வலது கையோடு அந்தக் குரலையும் வாரிக்கொண்டு போய்ப் பதினோரு மாதம். மிச்சம் வைத்தது ஒரே ஒரு "தா". பசித்தாலும் தா, குளிர்ந்தாலும் தா. ஜெபம் முடிந்ததும் ஒரு நொடி பார்ப்பாள், பிறகு ஆமெனையும் அவளே சொல்லிக்கொள்வாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் படுக்கை விரிப்பு மடித்துவிட்டு வந்து, பேச்சுப் பயிற்சிக்கான படச்சீட்டுகளை அவர் முன்னால் பிடிப்பாள். சாவி? "தா." கரண்டி? "தா." அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகருமாம். இந்த அம்மி இம்மியும் நகரவில்லை.

இன்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், "அக்கா, இனிமே மாசத்துக்கு ஒருதடவை வந்தா போதும்" என்றாள். நாசூக்காகக் கைகழுவிவிட்டாள். வாசலில் போதகரின் மனைவி வேறு, "பொறுமையா இருங்க சிஸ்டர்" என்று தோளைத் தட்டினாள். பொறுமையாம்! அந்தக் கையைத் தட்டிவிடாமல் வந்ததே பெரிய பொறுமை.

சாயங்காலம் கட்டிலருகே முழந்தாளிட்டவளுக்கு ஜெபத் தமிழ் வரவில்லை, வீட்டுத் தமிழ்தான் வந்தது.

"இவருக்கு வாய் வரல, உங்களுக்குக் காது கேக்கல. நடுவுல நான் ஒருத்தி கத்திக்கிட்டு இருக்கேன். போதும் ஆண்டவரே. இனிமே உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன். இதுதான் என் கடைசி ஜெபம்."

அதற்கு ஆமென் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. தலையைக் கட்டிலில் கவிழ்த்துக்கொண்டு சும்மா கிடந்தாள். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். குழாய் சொட்டியது.

"ஆ... ஆ... மென்."

நிமிர்ந்தாள். எச்சில் வடிய, கோணிய வாயோடு அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகையும் ஆத்திரமும் அவளுக்கு ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"ஏங்க, பதினோரு மாசம் நல்ல ஜெபமா பண்ணேனே, அப்பல்லாம் வாயத் திறக்கல. ராஜினாமா பண்றப்பவா ஆமென்?"

அவர் முகத்தின் இடது பாதி சிரித்தது. ஓடிப்போய்ச் சீட்டுகளை எடுத்து வந்தாள். சாவி? "தா." கரண்டி? "தா." சீட்டுகளை வீசி எறியப் போனவளுக்குச் சுரீரென்று உறைத்தது. இத்தனை நாளும் அவர் உள்ளே ஆமெனைத் திரட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு ஜெபத்துக்கும் ஒரே நொடியில் அவள் முந்திக்கொண்டு அதைச் சொல்லியிருக்கிறாள்.

"சரி, இப்ப அத வாபஸ் வாங்கணுமே" என்று முணுமுணுத்தபடி மறுபடி முழந்தாளிட்டாள்.

"ஆண்டவரே, நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க. நாளைக்கும் கேப்பேன். நாளான்னைக்கும் கேப்பேன். கோபம் இன்னும் போகல, அதையும் சொல்லிடறேன்."

நிறுத்தினாள். அவர் உதட்டைக் கூட்டினார், நழுவியது, மறுபடி கூட்டினார். அவளுக்கு முழங்கால் வலித்தது. எவ்வளவு நேரமானாலும் சரி, அவருடைய ஆமெனை இனி அவள் சொல்வதாக இல்லை.