லாரி டியூப் டால்பின்

சாத்தபடா துறையிலிருந்து கிளம்பும் படகுகளுக்கெல்லாம் ஒரே வேலைதான். ஒடிசாவின் சிலிகா ஏரியில் டால்பின் தலை தெரிந்ததும் மோட்டாரை முறுக்கி விரட்ட வேண்டும். சுற்றுலா வந்தவர்கள் கை தட்டுவார்கள்.

போன மழைக்குப் பிறகு, மோட்டார் விசிறியில் முதுகு கிழிந்த குட்டியொன்று செத்துக் கரை ஒதுங்கியது. அதைக் குழி தோண்டிப் புதைத்தவர்கள் ஜில்லியும் மாமினியும். கல்லூரி முதல் வருடத் தோழிகள். ஜில்லியின் அப்பா துருபா பெஹெராவும் படகோட்டிதான்.

"தூரத்துலயே மோட்டாரை நிறுத்துங்கப்பா. அதுங்களா வரும்."

"டால்பின் மனசு வெச்சா வரும்னு வந்தவங்ககிட்ட சொல்லவா? போடி, போய்ப் படி."

சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும் இருவரும் வேறு வழியில் இறங்கினார்கள். ஜில்லி வீட்டுக் கொட்டகையில் கிடந்த லாரி டியூபுக்குச் சாம்பல் வண்ணம் பூசி, அடியில் செங்கல் கட்டி, டால்பின்கள் வராத கோரைப்பக்கம் மிதக்கவிட்டார்கள். நீருக்கு மேலே வளைந்த முதுகு மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை படகெல்லாம் அங்கேதான். படகுகள் சுற்றச் சுற்ற அலை எழும்பி டியூப் துள்ளியது.

"அடடா, என்னமா விளையாடுது பாருங்க!" என்று கொல்கத்தாக்காரர் ஒருவர் படமாக எடுத்துத் தள்ளினார். கோரைக்குள் தோணியில் பதுங்கியிருந்த இருவரும் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வாரம் முழுக்க இப்படியே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை, இதென்ன புது ஆள் என்று பார்க்க நிஜ டால்பின்களே வந்துவிட்டன!

"ஐயோ, நெசமானது வந்திருச்சுடி!" என்று மாமினி அலறினாள். இரண்டு பக்கமும் படகுகள் சீறி வந்தன. ஜில்லி தோணியை நடுவில் தள்ளி எழுந்து நின்றாள்.

"நிறுத்துங்க! அப்பா, நிறுத்துங்கப்பா!"

மகளைக் கண்ட பதற்றத்தில் துருபா மோட்டாரை அணைத்தார். மற்றவர்களும் அணைத்தார்கள். அப்போதுதான் அவர் கண் அந்த முதுகின் மேல் போனது.

"அடிப்பாவி! அது நான் ஒட்டுப் போட்ட டியூபுல்ல?"

அவர் வாயை மூடுவதற்குள் பக்கத்தில் ஒரு டால்பினின் மொட்டைத் தலை எழும்பி, அவர் முகத்திலேயே தண்ணீரைத் துப்பிவிட்டு முழுகியது.

"இன்னொரு தரம் துப்பச் சொல்லுங்களேன்" என்று படகிலிருந்த ஒரு அம்மாள் கிசுகிசுத்தாள்.

வீட்டில் ஜில்லிக்குச் சரியான திட்டு. ஆனால் மறுநாள் துருபா தூரத்திலேயே மோட்டாரை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். இப்போது பாதிப் படகுகள் அப்படித்தான் செய்கின்றன. மீதிப் பாதியை ஜில்லியும் மாமினியும் இன்னும் விட்டபாடில்லை.