படுத்தால் முட்டும் மூச்சு

காலையில் பெண்கள் தேயிலைக் கொழுந்தெடுக்க மலையேறிவிட்டால், அக்கரப்பத்தனைத் தோட்டத்தின் அந்த லயத்து வீட்டு வரிசையில் ஜீவராணியும் அவளுடைய கைக்குழந்தையும் மட்டும்தான். கணவன் துஷாந்த் கொழும்பில் சாப்பாட்டுக்கடையில் வேலை. தாயும் இல்லாதவள். பகல் முழுக்கப் பேச்சுத்துணைக்குப் பிள்ளையின் அழுகைதான்.

பிள்ளை பெற்றதும் வற்றிவிடும் என்று எல்லோரும் சொன்ன கால்வீக்கம் வற்றவில்லை, முழங்கால்வரை ஏறியது. மலையூற்று வழியும் பீலியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவருவதற்குள் நடுவழியில் உட்கார்ந்துவிடுவாள். படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடியே தூங்கப் பழகினாள்.

பக்கத்துக் காம்பரா வீட்டு அம்மாக்கண்ணுவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"புள்ள பெத்த ஒடம்பு அப்படித்தான். குளிரு வேற. பூண்டு தட்டிப்போட்டு ரசம் குடி, சரியாப் போயிரும்" என்றபடி அவள் வேலைக்கு ஓடினாள்.

துஷாந்த் போனில் கேட்டான்: "என்னா, இப்படி மூச்சு வாங்குது?"

"பீலிக்குப் போயிட்டு வந்தேன்."

அன்று அவள் வாசலைக்கூடத் தாண்டவில்லை. அங்கிருந்து அவன் என்ன செய்துவிட முடியும்?

மழை மூட்டமான ஒரு காலை. பால் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. துப்பியபோது இளஞ்சிவப்பாய் நுரை வந்தது. நெஞ்சு தறிகெட்டு அடித்தது. உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்த்தது. கத்த வாயெடுத்தாள், சத்தம் வரவில்லை. வந்திருந்தாலும் கேட்க ஆளில்லை. இங்கேயே விழுந்துவிட்டால் பிள்ளை சாயங்காலம்வரை அழுதுகொண்டே கிடக்குமே என்ற நினைப்புதான் அவளை எழுப்பியது. பிள்ளையை அணைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து ரோட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

பாட்டுப் போட்டபடி பாண் ரொட்டி விற்கும் ஆட்டோ வந்தது.

"பாணா அக்கா?" என்றான் அதை ஓட்டிவந்த இல்ஹாம்.

அவள் பிள்ளையை அவனிடம் நீட்டினாள்.

"யா அல்லாஹ்!" பாண் தட்டுகளை ரோட்டோரம் இறக்கிப்போட்டு அவளை ஏற்றினான். "சாஞ்சு படுங்க அக்கா."

அவள் தலையசைத்து மறுத்து, நிமிர்ந்தே உட்கார்ந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்து, ஊசி போட்டு, உடம்பில் தேங்கிய நீரை இறக்கினார்கள். மூச்சு கொஞ்சம் தணிந்ததும் டொக்டர் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"புள்ள பெறுற நேரத்துல சிலருக்கு இதயம் பலவீனமாயிரும். ரத்தத்தச் சரியாத் தள்ள ஏலாம நுரையீரல்ல தண்ணி கட்டிருச்சு. கால் வீங்குறது, படுக்க ஏலாம போறது, எல்லாமே அதோட அறிகுறிதான். யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

"சொன்னேன் டொக்டர்."

அவர் போர்வையை இழுத்து அவள் காலை மூடிவிட்டார். பிறகு, மாத்திரையை நிறுத்தவே கூடாது, தன்னைக் கேட்காமல் அடுத்த பிள்ளைக்கு நினைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

உயிர் தப்பிவிட்டது. துஷாந்த் வந்தான், வீங்கிய காலைத் தொட்டுப் பார்த்து அழுதான், லீவு முடிந்து திரும்பிப் போனான். பிள்ளையை அம்மாக்கண்ணு புட்டிப்பால் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

வார்டில் நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களின் நேரம். மற்றக் கட்டில்களைச் சுற்றி ஒரே பேச்சும் சிரிப்பும். பால் கட்டி மார்பு வலித்தது. ஜீவராணி அம்மாக்கண்ணுவுக்குப் போன் எடுத்தாள்.

"தூங்குது புள்ள. எழுப்பவா?"

"வேணாம்க்கா" என்றாள். போனை உடனே வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்குமா என்று காதிலேயே வைத்திருந்தாள்.