எந்த நஞ்சும் நெருங்காது

மனிதகுலத்தின் வரலாறு என்பது மூச்சின் வரலாறு. அரசுகள் வீழ்ந்தன, மொழிகள் மறைந்தன, மூச்சு மட்டும் நின்றதில்லை. ஆகவே மூச்சைக் காப்பவனே மானுடத்தைக் காப்பவன்.

இது பசுமூச்சு நிறுவனத்தின் அறிமுக அட்டையில் இருந்த வாசகம். அட்டையைத் திருப்பினால், கொட்டகலையில் எப்போதோ நடந்து முடிந்த ஒரு கல்யாணத்தின் முகூர்த்த நேரம் இருந்தது. மரங்களைக் காப்பாற்றுவதற்காக, அச்சகத்தில் மிஞ்சிய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில்தான் எதையும் அடிப்பது என்பது நிறுவனத்தின் கொள்கை. அட்டை கிடைத்த இரண்டு தேயிலைத் தோட்டத்துத் துரைமார் மணமக்களுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தார்கள்.

நிறுவனத்தின் தலைவர் குகநேசன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொட்டகலையில் இருபத்தாறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்து, 2002இல் ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்றவர்கள் ஊருக்குப் போவார்கள். இல்லாவிட்டால் கொழும்பில் மகள் வீட்டுக்குப் போவார்கள். இவர் தலைவரானார். நல்ல மனிதர். தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து உண்மையாகவே மனம் வருந்தியவர். வருந்தியதோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை.

பிரம்லி தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பழைய பிள்ளை மடுவத்தில் நான்கு தையல் மெசின்கள் போடப்பட்டன. ஆடைத் தொழிற்சாலையில் வெட்டி எறியும் பருத்தித் துணி, தேயிலைக் கழிவில் ஊறவைத்த சாயம், காதில் மாட்ட நாடா. இரசாயனம் இல்லை, பொலித்தீன் இல்லை. தைக்கிறவர்கள் எல்லாரும் லயத்துப் பெண்கள். தயாரிப்புக்குக் குகநேசன் வைத்த பெயர் சுவாசக் கவசம். தைத்தவர்கள் வைத்த பெயர் வாய்க்கட்டு.

அவர்களில் தையலில் கை சுத்தமானவள் நாகலெட்சுமி. அவள் புருஷன் செல்லசாமி அதே தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கிற பன்னிரண்டு பேரில் ஒருவன். முதல் கவசத்தை அவனுக்குத்தான் மாட்டிப் பார்த்தார்கள்.

"வெத்தல போட முடியல, பீடி குடிக்க முடியல, கங்காணிய ஏச முடியல" என்றான் செல்லசாமி. "இதுக்கு எதுக்கு புள்ள இவ்வளவு துணி? மெசின்ல வச்சு வாயவே தச்சு விட்டுரு."

"தச்சா நாடா மிச்சம்" என்றாள் பக்கத்து மெசினில் இருந்த வினோதா. "அக்கா, சோறு போடுற செலவும் மிச்சம்."

தோட்டம் அறுபது கவசங்களுக்கு ஓர்டர் கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை: பாவனைக்கு உகந்தது என்று நிறுவனம் கடிதம் தரவேண்டும். குகநேசன் இரண்டு நாள் இருந்து எழுதினார். பசுமை, பாரம்பரியம், பெண்ணுழைப்பு எல்லாம் தாண்டி, கடைசியில் இப்படி முடித்தார்: 'பசுமூச்சுக் கவசம் அணிந்தவரை எந்த நஞ்சும் நெருங்காது.' சோதித்துப் பார்த்து எழுதிய வாக்கியம் அல்ல. வாசித்தபோது அதன் ஓசை அவருக்குப் பிடித்திருந்தது.

கடிதத்தை, தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஒப்பீஸ் சுவரில் ஒட்டினார். ஒட்டிவிட்டு ஒரு காரியம் செய்தார். அதுவரை மருந்து அடிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு மாதம் மருந்து அடித்தால் ஒரு மாதம் வடிகால் கான் வெட்டவோ புல் வெட்டவோ மாற்றிவிடுவார்கள். மருந்து அடிக்கிற நாளில் காலையில் ஆளுக்கு ஒரு கப் பால். இனி மாற்று இல்லை, பால் இல்லை. எந்த நஞ்சும் நெருங்காதவர்களுக்கு எதற்குப் பால்?

கவசத்தைக் கழுவுகிற வேலை நாகலெட்சுமிக்கு வந்தது. தண்ணீர்ப் பீலிக்கரையில் அதைப் பிழிந்தால் மருந்து வாடை எழுந்தது. நாலாவது வாரம் கழுவுகிற விரல்களின் ஓரம் வெடித்தது. ஒருநாள் ஈரத்தோடு அதைத் தன் வாயில் வைத்துப் பார்த்தாள். உடனே எடுத்துவிட்டாள். இதைத்தான் அவன் காலை ஏழு மணியிலிருந்து மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு மலையேறுகிறான். முன்பு கட்டிய துண்டு நனைந்தால் அவிழ்த்து உதறுவான். இதை அவிழ்த்தால் கங்காணி பேர் வெட்டுவான். அன்றைய சம்பளம் போய்விடும்.

மூன்றாம் மாதம் செல்லசாமி இரவில் உட்கார்ந்தபடி தூங்கத் தொடங்கினான். உதட்டில் புண். "வாய்க்கட்டு ஒரசுது" என்றான். அவள் ஒப்பீசுக்குப் போனாள்.

"அவர கான் வெட்டுக்குப் போடுங்கையா. மூச்சு வாங்குது."

கண்டாக்கையா சுவரைக் காட்டினார். "ஒங்க சாரே எழுதிக் குடுத்திருக்காரு. படிச்ச மனுசன் எழுதுனத நான் எப்புடிம்மா மாத்துறது? வேணும்னா அவர்கிட்ட வேற கடுதாசி வாங்கிட்டு வா."

அதனால் குகநேசனிடம் வந்தாள்.

"சார், தூசிக்கு நல்லது, மருந்துக்கு ஆகாதுன்னு ரெண்டு வரி எழுதித் தாங்க. அது போதும்."

குகநேசன் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதலாம் பிள்ளை. எழுதத்தான் வேணும். ஆனா இப்ப எழுதினா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பார். வாற இருபத்தெட்டாம் திகதி நுவரெலியாவில எங்களுக்கு விருது தருகினம். பொறுப்புள்ள சிறுதொழில் எண்டு. அதுக்குப் பிறகு ஓர்டர் கூடும், உங்களுக்குத்தானே நல்லது. பதினெட்டு நாள்தானே இருக்கு."

"பதினெட்டு நாளும் அவரு மருந்துதான் சார் அடிப்பாரு."

"சரி, சரி. நான் இண்டைக்கே ஒரு வரைவு எழுதுறன்."

எழுதினார். பொய் சொல்லவில்லை. முதல் வரைவு 'காலமும் அறிவியலும் கைகோத்து நடக்கும் இவ்வேளையில்' என்று தொடங்கி, ஒன்றரைப் பக்கம் நடந்தும் மருந்துக்கு வந்து சேரவில்லை. இரண்டாவது வந்து சேர்ந்தது. ஆனால் நிறுவனத்தின் பெயருக்குச் சற்றுக் குறைவாகப் பட்டது. மூன்றாவதற்குத் தலைப்பு மட்டும் இட்டார்: 'ஒரு சிறு விளக்கம்'. அதற்குள் விருது உரை எழுதவேண்டியிருந்தது.

நாகலெட்சுமி தினமும் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, அவர் வரும்போது மெசினை நிறுத்தி அவர் கையைப் பார்த்தாள். கையில் கடதாசி இருந்த நாட்களும் உண்டு. அவை அழைப்பிதழ்கள்.

"வேலைக்குப் போவாதீங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

"போவாட்டி பேர் போட மாட்டான். ஒஞ் சார் எழுதுவாரு, விடு. அவரு எழுத்து மெதுவாத்தான் வரும். வாத்தியாரு."

இருபத்தெட்டாம் திகதி குகநேசன் நுவரெலியா மேடையில் இருபத்திரண்டு நிமிடம் பேசினார். மூச்சே அறம் என்றார். கை தட்டினார்கள். அன்று பதினோரு மணிக்குச் செல்லசாமி மலையில் உட்கார்ந்தான், எழும்ப முடியவில்லை. கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லொறியிலும் கவசம் அவன் தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது. நாகலெட்சுமிதான் அதை அவிழ்த்தாள்.

நுரையீரல் என்றார்கள். டொக்டர் நல்லவர், இரண்டு தடவை வந்து பார்த்தார். இவ்வளவு நாள் இடைவிடாமல் இவரை ஏன் மருந்து அடிக்க விட்டீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். நாகலெட்சுமிக்குக் கேள்வி விளங்கியது. ஒன்பதாம் நாள் விடியும்போது செல்லசாமி, "அந்தத் துணிய எடுத்து விடு புள்ள" என்றான். முகத்தில் துணி எதுவும் இல்லை. இருந்தாலும் அவள் எடுப்பதுபோல முகத்தைத் தடவிவிட்டாள். "இப்பச் சரி" என்றான். அதற்குப் பிறகு பேசவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. மறுநாள் அவள் மெசினுக்கு வந்தாள். லயத்தில் சும்மா இருந்தால் அவன் இருமுவது கேட்டது.

குகநேசன் அன்று வெள்ளைச் சட்டையில் வந்தார்.

"பிள்ளை, நாங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறம். புதுக் கவசத்துக்கு அவரின்ரை பெயரை வைப்பம். செல்லசாமி நினைவுக் கவசம்."

மெசின்கள் நான்கும் நின்றன.

"பேரு வேணாம் சார்" என்றாள் நாகலெட்சுமி. "அந்தக் கடுதாசி. இப்ப அவருக்கு வேணாம். இன்னும் பதினோரு பேரு அடிக்கிறாங்க."

"கட்டாயம். ஆனா இந்த முறை ஆராய்ஞ்சு, ஆதாரத்தோடை எழுதவேணும். ஒரு பரிசோதனை மாதிரி..."

"ஆதாரந்தான சார்?" வினோதா எழுந்து வந்து, தைத்து முடித்த கவசம் ஒன்றை அவர் கையில் வைத்தாள். "மாட்டிக்கிட்டு அந்த மேட்ட ஒருக்கா ஏறிப் பாருங்க. ஜீவராஜ் அண்ணன் மருந்தடிக்கிற டாங்கிய வெளியதான் வச்சிருக்காரு. நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம்."

யாரும் சிரிக்கவில்லை. குகநேசன் கவசத்தைத் திருப்பிப் பார்த்தார். தொழில் தொடங்கிய இந்தப் பதினான்கு மாதத்தில் அவர் அதை ஒருநாளும் மாட்டியிருக்கவில்லை. மாட்டினார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். அந்தப் பதினோரு பேரில் ஒருவனான ஜீவராஜ் டாங்கியை அவர் முதுகில் ஏற்றி, நனைந்தபிறகு எப்படி இருக்கும் என்று தெரியவேண்டாமா என்று கவசத்தின்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டான். பெண்கள் மடுவத்து வாசலில் வந்து நின்றார்கள்.

தலைவர் தேயிலை நிரையில் ஏறினார். முதல் பத்துச் செடிக்கு நிமிர்ந்து நடந்தார். பிறகு குனிந்தார். இருபதாவது செடியில் நின்று வானத்தைப் பார்த்தார். இருபத்தேழாவது செடியில் கவசத்தைப் பிய்த்து இழுத்து, வாயைத் திறந்து, கரையில் போட்ட மீனைப்போல் மூச்சு வாங்கினார். அப்படியே கானுக்குள் உட்கார்ந்தார். நாகலெட்சுமி மேலே போய்ப் பேனையைக் கொடுத்தாள். அழுதுகொண்டே ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதினார். இரண்டு வரி.

மறுவாரம் பதினோரு பேருக்கும் மாற்று திரும்ப வந்தது. பால் வரவில்லை.

அன்று குகநேசன் சுமந்த டாங்கியில் இருந்தது வெறும் தண்ணீர். அதுவும் அரை டாங்கி.