கண்ணாடியில் ஒரு துளை

எங்கள் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். கண்ணாடியில் ஒரு துளை. எறும்புகூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அதில் நுழைய வேண்டும். வெளியிலிருந்து கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். அவரும் பதிலுக்குக் கத்துவார். ஒருவருக்கு மூலம் என்றால், நடுக்கடலில் போகிற கப்பலுக்கே சேதி போய்விடும்.

என் மனைவிக்கு மார்பில் கட்டி. என்னிடம் சொல்லவே அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. இரண்டு முறை போனோம். "என்னம்மா பண்ணுது?" என்று கண்ணாடி கத்தும். இவள் பின்னால் திரும்பிப் பார்ப்பாள். முதல் முறை பெஞ்சில் பக்கத்து வீட்டுக்காரி, அடுத்த முறை சம்பந்தியம்மா. இரண்டு முறையும் தலைவலி என்று சொல்லிவிட்டாள். ஆனைக்கே தலைவலி வந்தாலும் தாங்குகிற அளவுக்கு வீட்டில் மாத்திரை சேர்ந்தது. கட்டியும் வளர்ந்தது.

நான் சொல்கிறேனே என்றேன்.

"நீங்களா? பஸ்ஸுக்குள்ள கத்திப் பழகின தொண்டை. வாயத் திறந்தீங்கன்னா நான் அப்படியே வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வரவே மாட்டேன்."

போய்விடுவாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

மூன்றாவது முறை எங்கள் முறை நெருங்கியபோது, பக்கத்துக் கதவருகே ஒரு நர்ஸ் சும்மா நிற்பதைப் பார்த்தேன். நேராக ஹாலின் மறுகோடிக்குப் போனேன். முப்பது வருடக் கண்டக்டர் குரலை எடுத்தேன்.

"எல்லாரும் கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க. பத்து நாளா என் டிப்போவுக்குள்ள வண்டி வந்துக்கிட்டே இருக்கு. ஒண்ணுகூட வெளிய கிளம்பல."

ஹால் முழுக்கத் திரும்பியது. சம்பந்தியம்மா அன்றும் வந்திருந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சீட்டு எழுதுகிறவர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். நான் விளக்கெண்ணெயில் தொடங்கி ஒவ்வொரு வைத்தியமாக விவரித்துக்கொண்டே போனேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். என் மனைவி நர்ஸின் காதருகே குனிந்திருந்தாள்.

இதை முதல் நாளே சொல்லக் கூடாதா என்று நர்ஸ் கேட்டாளாம். எங்கே நின்று சொல்வது என்று இவள் கேட்டாளாம். நர்ஸ் அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். இவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

கதவு சாத்திக்கொண்டது.

இன்னும் அரை மணி நேரத்துக்கு என்னிடம் சரக்கு இருந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

முன் பெஞ்சுப் பெரியவர் விடவில்லை. "அப்புறம் என்ன ஆச்சு கண்டக்டரே?"

"இனிமேதாங்க தெரியும்" என்று சொல்லி, கதவைப் பார்த்தபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.