பதினாறு நகர்த்தல் டிரா

ஸாரங்கும் நானும் மோதினால் டிராதான். எட்டு வருஷமாக மைசூர்ச் செஸ் போட்டிகளில் இதுதான் வழக்கம். அதே ஸ்பானிஷ் ஆரம்பம், அதே பதினாறு நகர்த்தல்கள், கைகுலுக்கி எழுந்துவிடுவோம். பேசிவைத்து ஆடுவது விதிப்படி தப்புதான், ஆடுகிறவர்களில் பாதிப் பேர் செய்கிற தப்பு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். கொள்ளேகாலிலிருந்து ஆட வரும்போதெல்லாம் மைசூர் விஜயநகரில் ஸாரங்க் வீட்டில்தான் தங்குவேன். அவன் அப்பா ஸ்ரீனிவாசராகவன் மாமா எனக்கும் சேர்த்துத் தட்டு வைப்பார்.

அன்று கடைசிச் சுற்று. மாநில அணியில் ஒரே இடம் பாக்கி. டிரா ஆனால் அது அவனுக்கு, ஜெயித்தால் எனக்கு.

ஆட்டத்துக்கு முன் என்னை ஓரமாக அழைத்தான்.

"அப்பா ஐசியூல இருக்கார்டா கவின். டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். நம்ம டிராவை சட்டுனு முடிச்சுட்டு நான் ஓடணும்."

"செரிடா," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். யாரும் நம்ப வேண்டாம்.

பத்தாவது நகர்த்தலில், வழக்கமான சிப்பாயை விட்டுவிட்டு பிஷப்பை நகர்த்தி அவன் குதிரைக்குக் குறி வைத்தேன். அவன் போர்டைப் பார்க்கவேயில்லை. வழக்கம்போல யானைமேல் கை வைத்தான். அப்புறம்தான் பார்த்தான். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். நகர்த்தினான். குதிரையை வெட்டினேன்.

தோல்வியை ஒப்புக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. அந்த இடம் அவனுக்கும் அவ்வளவு வேண்டியிருந்தது. ஒரு குதிரை குறைவாக வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான். டிரா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பான். மனசு வரவில்லை. சீ, என்ன ஜென்மம் நான்.

நடுவர் உமாதேவி எங்கள் கொள்ளேகால்காரர். வந்து ஸாரங்கின் பக்கத்தில் குனிந்தார். "உங்க தங்கச்சி வெளிய நிக்குதுங்க. அப்பா போயிட்டாராம்."

ஸாரங்க் எழுந்து போய்விட்டான். கைகொடுக்கவில்லை, தோற்றதாகத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. கடிகாரம் அவன் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு நிமிஷம் மிச்சம். அது தீர்ந்தால் ஆட்டம் எனக்கு. நான் தோற்றதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இடம் அவனுக்குப் போகும். விதியில் அதற்குத் தடை இல்லை.

"உக்காந்திருக்கப் போறயா கவின்?" என்று கேட்டார் உமாதேவி.

"ஆமாங்க."

காலி நாற்காலிக்கு எதிரே நாற்பத்தொரு நிமிஷமும் உட்கார்ந்திருந்தேன்.