நடுவில் ஒரு சின்னக் கோடு

எகிப்தில், ஹுர்காதாவின் கடற்கரை ஓட்டலில் சலவைக்கூடம் என்றால் ஷெஹாத்தாதான். கெனா ஊர்ப் பக்கத்திலிருந்து மீசை அரும்பும் வயதில் வந்தவன். வெள்ளைக்காரர்கள் படுத்துப் புரண்ட விரிப்புகளை வெளுத்து வெளுத்தே அவன் தாடியும் வெளுத்துவிட்டது. வருடா வருடம் ஒப்பந்தம் முடியும். வருடா வருடம் புதிதாகக் கையெழுத்துப் போடுவான். இந்த வேலையை நம்பித்தான் மகள் ஹனாதிக்குப் பேசிய சம்பந்தி வீட்டார் தலையாட்டியிருந்தார்கள்.

இந்த வருடம் முதலாளி மாறிவிட்டார். எல்லாம் இங்கிலீஷ். பணியாளர் அலுவலக மேலாளர் ரஃப்அத்திடமிருந்து கைப்பேசிக்கு ஒரு வரி வந்தது. இஸ்திரி போடும் பகீத் எட்டிப் பார்த்தான்.

“ரீ-சைன் பண்றியான்னு கேக்குறாங்கண்ணே. மறுபடி கையெழுத்து. ஆமான்னு எழுதிப் போடு.”

வெறும் ஆமா போதாதென்று ஷெஹாத்தா அந்தச் சொல்லையும் எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டினான். நடுவில் இருந்த சின்னக் கோட்டை மட்டும் விட்டுவிட்டான். அரபியில் அப்படிக் கோடு இழுப்பது சொல்லை நீட்டி அழகு பார்க்கத்தான். ஹனாதியின் நிச்சயதார்த்தத்துக்கு வாழ்த்து அனுப்பியவர்கள் அவள் பெயரைத் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்திருந்தார்கள். அதனால் அவள் வேறு ஆளாகிவிட்டாளா என்ன?

இங்கிலீஷுக்கு அந்தத் தாராளம் கிடையாது. கோடு இருந்தால் ரீ-சைன், மறுபடி கையெழுத்து. கோடு போனால் ரிசைன், ராஜினாமா. எழுத்து ஒன்றுகூட மாறாது. பாவி மனிதன், ராஜினாமா செய்ய விருப்பம் என்று தன் கையாலேயே எழுதி, ஒரு ரோஜாப்பூவையும் சேர்த்து அனுப்பிவிட்டான்.

மறுநாள் ரஃப்அத் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒரு தாள் தயாராக இருந்தது.

“நீயே எழுதிட்டியே ஷெஹாத்தா. எங்களுக்கும் வருத்தம்தான்.”

விஷயம் புரிந்த பிறகும் ஷெஹாத்தா மரியாதையை விடவில்லை; ஐயா என்கிற அர்த்தத்தில் உஸ்தாஸ் என்றே கூப்பிட்டான்.

“உஸ்தாஸ், ராஜினாமாவுக்கு எவனாவது ரோஜாப்பூ வைப்பானா?”

“இங்கிலீஷ் இங்கிலீஷ்தான்பா. நான் என்ன பண்ண?”

“நீங்களும் அரபி படிச்சவர்தானே. அந்தக் கோடு சும்மா அழகுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாதே. இதுல கையெழுத்துப் போடு. போடலேன்னா இந்த மாசச் சம்பளமும் நின்னுடும்.”

துரத்தினால் நஷ்டஈடு தர வேண்டும். தானாகப் போகிறவனுக்கு ஒரு டீகூடத் தர வேண்டியதில்லை. பாதிச் சம்பளத்துக்கு ஆள் பார்த்தாகிவிட்டது என்பது சலவைக்கூடத்துக்கே தெரியும். ஷெஹாத்தா கையெழுத்துப் போட்டான்.

பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தால், சுவரில் புது அறிவிப்பு. அதன் முன்னால் பணியாட்கள் வரிசையில் நின்று ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல் ஷெஹாத்தாவுக்கு இனி எந்த ஜென்மத்திலும் மறக்காது. கிட்டப் போய்ப் பார்த்தான். கோடு இல்லை. எல்லாப் பணியாளரும் வியாழனுக்குள் ராஜினாமா செய்ய வேண்டும் என்றிருந்தது, கீழே ரஃப்அத்தின் பெயர்.

“உஸ்தாஸ்!” என்று கத்தினான். “இங்க கோட்டைக் காணோமே! அப்ப இவங்க எல்லாரும் வீட்டுக்குப் போகணுமா?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரஃப்அத் வந்து பார்த்தார். முகம் கொஞ்சம் சிவந்தது.

“கை தவறிடுச்சு. அதான் எல்லாருக்கும் புரியுதே, பெரிசா பேச வந்துட்டான்.”

“என்னோடது மட்டும் உங்களுக்குப் புரியலையா?”

ரஃப்அத் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சொல்லின் நடுவில் ஒரு கோடு கிழித்தார். தீர்ந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். பகீத் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான். ஷெஹாத்தாவுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அந்தப் பேனாவைப் பிடுங்கி உடைக்க வேண்டும்போல் இருந்தது. உடைக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் கைப்பேசி அடித்தது. ஊரிலிருந்து மனைவி நஜாத்.

“என்னங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. கையெழுத்துப் போட்டாச்சா?”

ஷெஹாத்தா கடலைப் பார்த்தான்.

“போட்டாச்சு” என்றான்.

மறுமுனையில் நஜாத் குலவை போட்டாள். கூடவே சம்பந்தியம்மாளும் சேர்ந்துகொண்டாள்.